பில்லை யார் கொடுப்பது?

சீனர்கள் நாலு பேர் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் பக்கத்து மேஜையில் வெளியூர்க்காரர் யாராவது இருந்தால், ஏதோ அடிதடி நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்வார். ஒருவர் பில்லைப் பிடித்து இழுப்பார். இன்னொருவர் அவர் கையைத் தட்டிவிடுவார். மூன்றாமவர் சட்டைப் பைக்குள் பணத்தைத் திணிப்பார். நான்காமவர் சத்தம் போடாமல் முன்பே கல்லாவுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பார். கை கழுவி வருகிறேன் என்று எழுந்துபோய்ப் பில்லைக் கட்டிவிடுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்.

நம் ஊரிலும் இது உண்டு. "இன்னிக்கு நான்தான்", "போன தடவையே நீங்கதானே கொடுத்தீங்க", "அண்ணே, கையை எடுங்க" என்ற பேச்சைக் கேட்காத சரவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஆனால் சீனர்கள் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது நம் பழக்கமும் எனக்கு இன்னும் கொஞ்சம் விளங்கியது. அதனால் இந்தக் கட்டுரை.

சீன மொழியில் விருந்து கொடுப்பதைச் 'சிங் கெ' என்பார்கள். நேர்ப்பொருள், விருந்தாளியை அழைத்தல். யார் அழைத்தாரோ அவரே பதார்த்தங்களைச் சொல்ல வேண்டும், அவரே பணமும் கொடுக்க வேண்டும். வாசலைப் பார்த்த இருக்கைதான் மேஜையில் மரியாதைக்குரிய இடம். பதார்த்தங்கள் எல்லோருக்கும் பொதுவாக நடுவில் வரும். தனித்தனி இலை, தனித்தனி கணக்கு கிடையாது. ஆகவே யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று பிரிக்கவே முடியாது. தட்டுகள் துடைத்ததுபோல் காலியாகிவிட்டால் போதாமல் போயிற்றோ என்று அழைத்தவருக்குக் குறை. அதனால் மிஞ்சும்படியே வரவழைப்பார்கள். இந்த வழக்கத்தால் உணவு வீணாகிறது என்று 2021-ல் அந்த நாட்டு அரசு சட்டமே போட்டது.

இதில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று 'மியன்சு'. முகம் என்று பொருள். நாம் மானம், மரியாதை என்கிறோமே, அது. மற்றொன்று 'ரென்சிங்'. மனித உணர்வு என்பது நேர்ப்பொருள். ஆனால் "உங்களுக்கு ஒரு ரென்சிங் பாக்கி வைத்திருக்கிறேன்" என்றும் சீனர் பேசுவார்கள். அன்பும் கடனும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நமக்கு இது புதிதா என்ன? பழந்தமிழில் 'கடன்' என்றாலே கடமை. இன்றும் "கடமைப்பட்டிருக்கிறேன்" என்று கடிதம் எழுதுகிறோம், "நன்றிக்கடன்" என்கிறோம்.

பில்லுக்காக நடக்கும் சண்டையில் தோற்றவர் உண்மையில் தோற்பதில்லை. அடுத்த முறை அழைக்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பாக்கி இருக்கும்வரை உறவும் இருக்கும். சரிக்குச் சரியாகப் பைசா பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டால், "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று சொன்ன மாதிரி.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் மார்செல் மோஸ் என்ற அறிஞர் 1925-ல் வெளியிட்ட, கொடையைப் பற்றிய நீண்ட கட்டுரையை மூலத்திலேயே படிக்கும் வாய்ப்பு பிற்காலத்தில் கிடைத்தது. உலகின் பல இனங்களின் வழக்கங்களை ஒப்பிட்டு அவர் கண்டது இதுதான்: கொடுத்தாக வேண்டும், கொடுத்ததை வாங்கியாக வேண்டும், வாங்கியதைத் திருப்பியாக வேண்டும். இந்த மூன்று கட்டாயங்களும் சேர்ந்துதான் மனிதர்களைக் கட்டிப்போடுகின்றன. மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் வரும் தான தருமத்தையும் அவர் எடுத்துப் பேசுகிறார். அதைப் படிக்கும்போது என் மனத்தில் வந்து நின்றது நம் மொய் நோட்டு.

சீனக் கல்யாண வீட்டு வாசலிலும் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து, வந்தவர் பெயரையும் கொடுத்த தொகையையும் எழுதுவார். வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ஷியாஜியா என்று ஒரு கிராமம். யான் யுன்ஷியாங் என்ற மானிடவியலாளர் 1970-களில் அங்கே வாழ்ந்தவர். பிறகு ஆராய்ச்சியாளராகத் திரும்பிப் போய், வீடுவீடாக அந்தக் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்து 1996-ல் ஒரு நூல் வெளியிட்டார். யார் யாருக்கு உறவு, எந்த உறவு நெருக்கமானது, எது விட்டுப்போனது என்பதை அந்த ஏடுகளைக் கொண்டே சொல்லிவிட முடிந்தது.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து வாசகர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். "இதுக்கு ஹெய்லோங்ஜியாங் போகணுமா, ஆடி மாசம் எங்க ஊருக்கு வந்தாப் போதுமே" என்பார்கள். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து அப்படிப்பட்டது. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய்க்காகவே விருந்து. பல குடும்பங்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நோட்டு, எழுத ஆள். வந்த பணத்தில் கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள், பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்கள். வாங்கியதைப் பிறகு சற்றே கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன்தான், ஆனால் ஊர் அறிய வாங்கிய கடன். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, மொய்யைத் திருப்பிச் செய்வது அங்கே பல குடும்பங்களுக்குப் பெரும் பாரமானது. நோட்டில் பெயர் இருக்கிறதே, எப்படித் தப்புவது?

ஆக, சீனர் மனக்கணக்காக வைத்திருப்பதை நாம் மொய் விஷயத்தில் மையால் எழுதி வைத்தோம். ஆனால் ஹோட்டல் பில்லுக்கு மட்டும் அப்படி ஒரு நோட்டு நம்மிடம் ஏற்படவில்லை. ஏன்? அந்தப் பில்லே நமக்குப் புதுசு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சீனர்களுக்கு உணவு விடுதி ஆயிரம் ஆண்டுப் பழக்கம். சோங் மன்னர்களின் தலைநகராக இருந்த கைஃபெங் நகரத்தை நினைவுகூர்ந்து மெங் யுவான்லாவ் என்பவர் 1147-ல் ஒரு நூல் எழுதினார். அதில் வரும் சாப்பாட்டுக் கடைகளில் பரிசாரகர் ஒவ்வொருவரும் கேட்பதை மனத்தில் வாங்கி, சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். தப்பாகக் கொண்டுவந்தால் முதலாளியிடம் திட்டு. நம் ஹோட்டலில் "ரெண்டு ரவா, ஒண்ணு நெய் ரோஸ்ட்" என்று குரல் கொடுப்பதுபோலவே இருக்கிறது. ஐரோப்பாவில், தனி மேஜை, தனிப் பில் என்ற உணவகம் 1760-களில்தான் பாரிஸ் நகரத்தில் தோன்றியது.

நம் பக்கம் பண்டம் விற்பது பழையது. அப்பம் விற்ற கூவியரைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் சோறு வேறு சமாசாரம். பட்டினப்பாலையில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஓடுவது தருமச் சாலையிலிருந்துதான். வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. சென்னையில் மணியக்காரர் சத்திரம் 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம், வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய அடுப்பு எல்லாம் அந்த வரிசைதான். "சோத்தை விக்கிறதா?" என்று பெரியவர்கள் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. 'விருந்து' என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை. பிறகு புதிதாக வந்தவர். அதற்குப் பிறகுதான் அவருக்குப் போடும் சாப்பாடு. அந்த வரிசையில் காசுக்கு இடமில்லை.

ரயில், கோர்ட்டு, கச்சேரி, காலேஜ் எல்லாம் வந்த பிறகு ஊர்விட்டு ஊர் போகிறவனுக்குச் சாப்பாடு வேண்டியிருந்தது. காப்பி கிளப்புகள் வந்தன. உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஆரம்பித்தார். ஆனால் இந்தக் கடைகளில் முதலில் எழுந்த கேள்வி யார் பணம் கொடுப்பது என்பதல்ல. யார் உள்ளே வரலாம், யாரோடு யார் உட்காரலாம் என்பதுதான்.

இதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பல காப்பி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடமே கிடையாது. கிராமத்து டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்த கொடுமை பின்னாளிலும் தொடர்ந்தது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து போய், ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று குடிக்கும்போது, "இன்னிக்கு நான் கொடுக்கிறேன்" என்ற பேச்சுக்கு என்ன பொருள்? காசு இரண்டு பேரிடமும் இருந்தது. கொடுக்கும் உரிமை ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள் என்று பெயர் சொல்லியே, சாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பெயர்ப் பலகைகளில் சாதிப் பெயர் இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால், பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். அந்தப் போராட்டத்தை ஆதரித்தவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. எப்படியானாலும், எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து "நீ கொடு, நான் கொடு" என்று இழுபறி செய்வது தானாக வந்த பழக்கமில்லை. அதற்கு முன்னால் நிஜமான சண்டைகள் நடந்திருக்கின்றன.

அப்படி ஒன்றாக உட்கார ஆரம்பித்த பிறகுதான் நமக்கென்று சில வழக்கங்கள் ஏற்பட்டன. கூட்டத்தில் வயதில் பெரியவர் கொடுப்பார். சரவரும் சோம்புத் தட்டோடு பில்லை அவர் முன்னால்தான் வைப்பார். மாமா இருக்கும்போது மருமகப்பிள்ளை பர்ஸை எடுத்தால் அது பெருமை. ஆனால் எடுக்க விட்டுவிட்டால் மாமாவுக்கு அழகில்லை. அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தவர், இன்கிரிமென்ட் வாங்கியவர், பேரன் பிறந்தவர் எல்லோரும் செலவு செய்தாக வேண்டும். குமாஸ்தாக்களாகிய எங்களுக்கு மாதக் கடைசியில் டீக்கடைப் பற்று நோட்டுதான் துணை. "இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகைக்குக் கீழேயே நோட்டும் தொங்கும்.

நான் வளர்ந்த புதுச்சேரியில் இன்னொரு வகையினரும் இருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைச் 'சொல்தா' என்போம். அவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். நம் ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது மலை. கடைக்குள் சொல்தா நுழைந்துவிட்டால் மற்றவர் யாரும் பையில் கை வைக்க வேண்டியதில்லை. 'தூர்னே' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். ஒரு சுற்று முழுவதும் ஒருவர் செலவு, அடுத்த சுற்று அடுத்தவர் செலவு. ஆனால் அந்த அடுத்த சுற்று வருவதேயில்லை. திரும்பத் திரும்ப ஒருவரே கொடுத்தால் என்ன ஆகும்? வாங்கிக் குடிப்பவர்கள் முன்னால் புகழ்வார்கள், பின்னால் முணுமுணுப்பார்கள். திருப்ப முடியாத விருந்து மெதுவாகக் கசக்கத் தொடங்கும். மோஸ் எழுதியதன் பொருளை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அந்தக் கடைகளில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அவரவர் பங்கை அவரவர் கொடுத்துவிடலாமே? பிரெஞ்சில் இதற்கு 'எக்கோ' என்று பழைய சொல் ஒன்று உண்டு. சேர்ந்து சாப்பிட்டதில் ஒருவர் கொடுக்க வேண்டிய பங்கு என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இந்த முறையைப் பல நாட்டுக்காரர்கள் அடுத்த நாட்டுக்காரன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் இதை டச்சுக்காரர் வழக்கம் என்பார்கள். துருக்கியர் ஜெர்மானியர் முறை என்பார்கள். எகிப்தியருக்கு இது இங்கிலீஷ்காரன் முறை. சீனர் 'ஏ ஏ' என்று இரண்டு ரோமன் எழுத்துகளை வைத்துச் சொல்கிறார்கள். நாமும் "ஷேர் பண்ணிக்கலாம்" என்று ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். தன் மொழியிலேயே சொல்லக் கொஞ்சம் கூச்சம்போல.

இப்போது அந்தக் கூச்சமும் போய்விட்டது. சீனாவில் இளைஞர்கள் கைபேசியிலேயே பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். இங்கே 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, மேடவாக்கம் மெயின் ரோட்டுக் கடைகளில் சாயங்காலம் கூடும் ஐ.டி. பிள்ளைகளைப் பாருங்கள். ஒருவர் கட்டுவார், தெருமுனைக்கு வருவதற்குள் மற்றவர்கள் பங்கு அவர் கணக்குக்கு வந்துவிடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம வயது, சம சம்பளம், சம பங்கு. யாரும் யாருக்கும் தாழ்வில்லை.

சிக்கல் நம்மைப் போன்ற வயதானவர்களுக்குத்தான். கோவிலம்பாக்கத்தில் காலை நடை முடித்துச் சேரும் எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். அதில் அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறவர்கள் உண்டு. கிண்டி தொழிற்பேட்டையில் தனியார் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்தவரும் உண்டு. நமக்கு அகவிலைப்படி ஏற ஏறப் பென்ஷன் ஏறும். அவருக்கு வருவது 1995-ஆம் ஆண்டுத் திட்டப்படியான தொழிலாளர் ஓய்வூதியம். அதில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் என்று நிர்ணயமானது. ஒரு நாள் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால் அந்த ஆயிரம் நிற்காது.

சனிக்கிழமைகளில் டிபன் சாப்பிடப் போகும் வழக்கம் ஏற்பட்டதும், கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றது. மூட்டு வலி என்றார். ஆனால் சாயங்காலம் கீழ்க்கட்டளை வரை நடந்துபோய்க் காய்கறி வாங்கி வருகிறாரே! கூட்டத்தில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "அவருக்கு முட்டியில வலி இல்லைய்யா. நாலு தடவை நாம கொடுத்தோம், அஞ்சாவது தடவை அவர் முறை. அதுக்குத்தான் வரலை" என்றார்.

ஷேர் முறையும் அங்கே உதவாது. பங்கு சமம் என்றால் அவரால் முடியாது. அவர் பங்கையும் சேர்த்து நாங்களே கொடுத்தால் அது தருமம். அதற்கு அவர் வர மாட்டார். வாத்தியார் செய்தது இதுதான். நேராக அவர் வீட்டுக்குப் போய், "சார், செவ்வாய்க்கிழமை டீ உங்க கணக்கு. வராம ஏமாத்தப் பாக்காதீங்க" என்றார். செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். ஏழு டீயும் பிஸ்கட்டும் அவர் கணக்கு. யாரோ வழக்கம்போல் பையில் கைவிட்டபோது, "எடுங்க கையை!" என்று ஒரு அதட்டு அதட்டினார் பாருங்கள், கடைக்காரரே சிரித்துவிட்டார். அந்த வாரச் சனிக்கிழமை டிபனுக்கும் வந்துவிட்டார்.

சீன வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். பெரிய ஹோட்டலில் ஒருவர் விருந்து கொடுத்தால், மற்றவர் நூடுல்ஸ் கடைக்கு அழைத்துத் திருப்பினாலும் அது திருப்பியதுதான். தொகை சமமாக இருக்க வேண்டியதில்லை. முறை வர வேண்டும். "இன்று என் முறை" என்று சொல்ல ஒருவருக்கு இடம் இருக்கும்வரை அவர் அந்த மேஜையில் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தை எடுத்துவிட்டால், எவ்வளவு அன்பாக ஊட்டினாலும் அவர் சத்திரத்தில் சாப்பிடுகிறவராகிவிடுகிறார். சத்திரம் வழிப்போக்கனுக்குச் சரி, நண்பனுக்கு ஆகாது.

ஒன்றாக உட்காரும் உரிமைக்கு ஒரு தலைமுறை தெருவில் நின்றது. அப்படிக் கிடைத்த மேஜையிலிருந்து ஒருவர் காசு காரணமாகச் சத்தமில்லாமல் எழுந்துபோவதை நாம் கவனிக்காமல் இருக்கலாமா? பென்ஷன் அதிகம் வாங்குகிறவர்கள் பில்லுக்குத் தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது, டீயாக இருந்தாலும் சரி, தோற்றுப் போங்கள்.